வண்டி எப்படி நின்றது என்று முதலில் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – மெக்கானிக் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: பழைய கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிவிடுகிறது. அதனால் கியர் சத்தம், ஏசி வாடை, பெயின்ட் கேள்விகளை எல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எழுதிய எல்லாரும் இதுவரை மாற்றிய பார்ட்ஸை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி எப்படி நின்றது, எப்போது நின்றது, நின்ற பிறகு என்ன செய்தால் ஸ்டார்ட் ஆனது என்று எழுதியவர்கள் மிகவும் கொஞ்சம். எனக்கு வேண்டியது அதுதான். பார்ட்ஸ் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று தெரியும். வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரியாது.

கேள்வி: ஐயா, என்னுடையது 27 வருடப் பழைய கார்புரேட்டர் பெட்ரோல் கார். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி, முக்கால் மணி நேரம் அருமையாக ஓடும். அப்புறம் நின்றுவிடும். எத்தனை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. ஓரமாகத் தள்ளிவிட்டு 20 நிமிடம் உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் மூன்றும் மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஷெட்டில் எப்படி நிற்கும்? சூடு ஆறிய பிறகுதானே கொண்டுபோகிறீர்கள்! இதில் உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். நோய் தெரிகிற அந்த 20 நிமிடம் அவர் பக்கத்தில் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் நோய் போய்விடும், அடுத்த முறைதான் திரும்ப வரும். ஆகவே அந்த நேரத்துக்கு நீங்கள்தான் மெக்கானிக்.

முதலில் நின்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். ரேடியோவை ஆஃப் பண்ணியது போலப் பட்டென்று நின்றதா? அல்லது இழுவை குறைந்து, முக்கி, குலுங்கி, இரண்டு முறை பிடித்துவிட்டு நின்றதா? பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, ஃப்ளோட் (மிதவை) மிதக்கிற இடம். பம்ப் வேலை செய்யாமல் போனாலும் அந்தக் கிண்ணத்துப் பெட்ரோல் தீருகிற வரை இன்ஜின் ஓடும். அதனால் பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி அனேகமாகத் தடுமாறித்தான் நிற்கும். கரண்ட் போனால் அந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. போனது போனதுதான். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை என்றாலும், எந்தப் பக்கம் தேடுவது என்று இதுதான் சொல்லும்.

அடுத்த முறை நின்றவுடன், வண்டியை ஓரம்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு நேராக டேங்க் மூடிக்குப் போங்கள். பானெட்டுக்கு அல்ல, டேங்குக்கு. மூடியைத் திறக்கும்போது காது கொடுங்கள். காற்று உள்ளே இழுக்கிற மாதிரி நீளமாக ‘உஸ்ஸ்’ என்று வருகிறதா? பெட்ரோல் செலவாகச் செலவாக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். மூடியிலோ டேங்கின் காற்றுக் குழாயிலோ இருக்கிற சின்ன ஓட்டை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வேக்கம் (காற்றில்லாத வெற்றிடம்) உருவாகிவிடும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. ஸ்ட்ராவை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். மூடியைத் திறந்தபின், கிண்ணம் நிரம்புகிற அளவுக்குக் கொஞ்சம் செல்ஃப் அடித்தவுடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் கதை முடிந்தது. சரியான மூடி ஒன்று வாங்குங்கள், அல்லது குழாயைச் சுத்தம் செய்யுங்கள். நீங்கள் மாற்றிய பம்புக்காக நான் வருத்தப்படுகிறேன்.

உஸ் சத்தம் இல்லையா? சரி, இப்போது பானெட். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஓடாத நிலையில், கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். ஊசி முனை போல ஒரு மெல்லிய பெட்ரோல் கோடு உள்ளே பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, பெட்ரோல் பக்கத்தை விட்டுவிடலாம். ஒன்றுமே வராவிட்டால் பெட்ரோல்தான் எதிரி.

பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்தால், ஏர் ஃபில்டரை மூடி, பெட்ரோல் வாடை கலைகிறவரை காத்திருந்துவிட்டு ஸ்பார்க் பாருங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு உபரி பிளக்கை மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜின் உலோகத்தில் படும்படி கார்புரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். ஸ்பார்க்குக்காக சுவிட்ச் போலத் திறந்து மூடுகிற பாயின்ட் செட் உள்ள பழைய வண்டியே நன்றாக உதறும், எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் தூக்கி அடிக்கும். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிற ஸ்பார்க் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, சோம்பேறித்தனமாக வந்தால் பலவீனம். வரவே இல்லை என்றால் உங்கள் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பந்தயம் கட்டச் சொன்னால் நான் காயில்மேல் (பேட்டரி வோல்டேஜை ஸ்பார்க் அடிக்கிற அளவுக்கு உயர்த்துவது) கட்டுவேன். பெட்ரோல் பக்கம் எல்லாவற்றையும் மாற்றியும் அதே கோளாறு, அதே 20 நிமிடம். காயிலுக்குள் தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். அதில் எங்காவது ஒரு முறிவு இருந்தால், குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது விலகிவிடும். ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். ஷெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் பிரைமரி (பேட்டரி பக்கத்துச் சுற்று) 3 ஓம் என்று பளிச்சென்று சரியாகக் காட்டும் (பேலஸ்ட், அதாவது காயிலுக்குப் போகிற கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர், வைத்த வண்டியின் காயில் என்றால் ஒன்றரை ஓம் பக்கம்). சூடாக நின்ற நிமிடத்தில் அளந்தால்தான் பொய் வெளியே வரும். பாயின்ட் செட் வண்டியில் கண்டென்சரும் இதே நாடகம் ஆடும். அதைச் சேர்த்து மாற்றுவதில் தப்பில்லை, சின்ன சாமான். பாயின்ட் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள், பெரும்பாலான வண்டிகளுக்கு 0.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், உங்கள் வண்டிக்கு உரியதை மேனுவலில் பாருங்கள்.

நான் வேலை கற்றுக்கொண்ட மேஸ்திரி மீட்டரே வைத்துக்கொள்ள மாட்டார். டிக்கியில் ஒரு ஈரத்துணி, ஒரு பழைய பிளக், அவ்வளவுதான் அவர் கருவி. சூட்டில் நின்ற வண்டியில் துணியை முதலில் காயில்மேல் சுற்றி ஐந்து நிமிடம் வைப்பார். ஸ்டார்ட் ஆனால் காயில். ஆகவில்லை என்றால் அதே துணியை பெட்ரோல் பம்ப்மேலும், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற பைப்மேலும் போடுவார். அதில் ஸ்டார்ட் ஆனால் பைப்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். பம்ப் திரவத்தைத் தள்ளுமே தவிர ஆவியைத் தள்ளாது. நான் ஒருமுறை அவசரத்தில் இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் துணி போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “எதனால ஸ்டார்ட் ஆச்சு, சொல்லு” என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுபடி சூடேறி நிற்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம்.

ஆவிதான் காரணம் என்றால் பம்பை மாற்றாதீர்கள். பைப் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் புகை வெளியே வருகிற சூடான குழாய்) பக்கத்தில் ஓடுகிறதா, நடுவில் இருந்த தகடு காணாமல் போயிருக்கிறதா, டேங்குக்குத் திரும்பிப் போகிற ரிட்டர்ன் பைப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டவே மாட்டார்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறது. பத்து முறை செய்தாலும் பத்து முறையும் இப்படித்தான். பழைய கார்.

பதில்: எவ்வளவு அழகான கடிதம்! மூன்றே வரி, நோய் முழுவதும் இருக்கிறது. பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு பேட்டரி கரண்ட் முழுதாக ஒரு வழியில் போகும். சாவியை விட்டதும் பேலஸ்ட் வழியாகக் குறைந்த கரண்ட் போகும். பேலஸ்ட் அறுந்துவிட்டால் முதல் வழி மட்டும் மிச்சம். வெள்ளைப் பீங்கான் கட்டியாக, பானெட்டுக்குள் சுவரோரம் ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். சில வண்டிகளில் அது கட்டியாக இல்லாமல் வயரிங்கிலேயே ஒரு தனி வயராக இருக்கும். பேலஸ்ட் சரியாக இருந்தால் சாவி சுவிட்சின் ‘ரன்’ காண்டாக்ட் தேய்ந்திருக்கும். பேலஸ்டைத் தாண்டி நேராக வயர் கொடுத்து ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், தெரியும். வீடு போய்ச் சேரலாம். அதையே வாடிக்கையாக்கினால் காயிலும் பாயின்டும் வெந்துவிடும்.

உங்களுடையது ரொம்பப் பழசு இல்லாமல், சாவியில் சிப் உள்ள வண்டியாக இருந்து, ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்தால் அது வேறு. இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கிற ஏற்பாடு) சாவியை அடையாளம் தெரியாமல் துரத்துகிறது. டேஷ்போர்டில் சாவி படம் மின்னுகிறதா என்று பார்த்து, இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் கார் இரண்டு வருடம் ஓடாமல் நின்றிருந்தது. புது பேட்டரி போட்டு, புது பெட்ரோல் ஊற்றி எடுத்தேன். பத்து நிமிடம் ஓடி, இழுவை போய், நிற்கிறது. கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது. ஆனால் முதல் வாசகர் சொல்வது போல 20 நிமிடம் எல்லாம் தேவையில்லை, இரண்டு நிமிடமே போதும். (இவர் தொலைபேசியில் கேட்டார், நான்தான் எழுதிக்கொண்டேன்.)

பதில்: இரண்டு நிமிடம் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி தம்பி. இரண்டு நிமிடத்தில் காயில் ஆறாது. இது டேங்குக்குள் இருக்கிற குப்பை.

நடப்பது இதுதான். டேங்குக்குள் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். வண்டி நின்றிருந்த காலத்தில் டேங்கின் உட்சுவர் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச அந்தத் துரு, பிசின், நூல் எல்லாம் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டி வண்டி நிற்கும். நின்றவுடன் உறிஞ்சுதல் இல்லை, குப்பை தானாகக் கீழே விழுந்துவிடும். வழி திறந்துவிட்டது, ஓடும். மறுபடி ஒட்டும்.

ஃபில்டரைக் கழற்றி, வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே போகிற முனையை மேலே வைத்து, உள்ளே வருகிற முனை வழியாக ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் கொட்டுங்கள். செம்மண் கரைசல் போலத் துணியில் இறங்கினால் ஃபில்டர் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, டேங்கைக் கீழே இறக்கிக் கழுவ வேண்டும். பாதி வேலை செய்யாதீர்கள். டேங்கை இறக்குகிறபோதே ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனாலைத் தாங்குகிற ரப்பர் வருவதற்கு முன்னால் செய்த பழைய ஹோஸ், எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்பக்கமாக ஊறி உரியும். நான் ஒரு வண்டியில் கழற்றிய ஹோஸ் வெளியே புதுசு போல இருந்தது. பிளேடு வைத்து நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே தோல் ஒரு நாக்கு மாதிரி உரிந்து தொங்கியது. பம்ப் இழுக்கும்போது அந்த நாக்கு வழியை அடைக்கும், நிறுத்தினால் விலகும். பிளந்து பார்த்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று: டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பைப்பில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் சொட்டாமலேயும் இருக்கலாம். அது உறிஞ்சுகிற பக்கம். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதால் பைப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: பிரேக் மிதித்தால் இன்ஜின் ஆஃப் ஆகிறது! சிக்னலில் ஒவ்வொரு முறையும் மானம் போகிறது.

பதில்: நீங்கள் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர் இன்ஜினின் வேக்கத்தில்தான் வேலை செய்கிறது. பூஸ்டருக்குள் இருக்கிற ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருந்தால், நீங்கள் மிதிக்கும்போதெல்லாம் கணக்கில் வராத காற்று நேராக இன்ஜினுக்குள் போகும். பெட்ரோலுக்கு எடைக்கு எடை 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) இன்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம்தான், அதில் இப்படி ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் அணைந்துதான் போகும்.

வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். பெடலுக்கு மேலே, உங்கள் முழங்கால் பக்கம் காற்று சீறுகிற சத்தம் கேட்கிறதா? அப்புறம், பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸை மழுங்கிய வாயுள்ள கிளாம்ப் வைத்து நசுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி மிதியுங்கள். இப்போது ஆஃப் ஆகவில்லை என்றால் பூஸ்டர்தான். இந்தச் சோதனை நின்ற இடத்தில் மட்டும். ஹோஸை நசுக்கிய நிலையில் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. பிரேக் கல்லாக இருக்கும்.

மிதித்துப் பிடித்தால் ஒன்றும் ஆகவில்லை, ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் கதை வேறு. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் சரியில்லாமல் இருந்தால், பிரேக் போடும்போது பெட்ரோல் முன்னால் அலையடித்து ஜெட்டை (பெட்ரோல் போகிற சின்னத் துளை) மூழ்கடிக்கும், அல்லது வறட்சியாக்கும். ஃப்ளோட் மட்டத்தைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னொரு சந்தேகம்: இன்ஜினையும் கியரையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (இரண்டையும் இறுகப் பிணைக்கிற பூட்டு) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கிளட்ச் மிதிக்காமல் கியரிலேயே வண்டியை நிறுத்தினால் எப்படி உதறி நிற்கும், அதே மாதிரி நிற்கும். இதற்கு இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: குளிர்ந்த, பனிமூட்டமான காலைகளில் மட்டும் இந்தத் தொல்லை. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் நன்றாகப் போய், மெல்ல மெல்ல இழுவை குறைந்து நிற்கிறது. நின்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சுத்தமாக, ஈரமாக இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

பதில்: ஈரமாக இருந்தது என்று எழுதினீர்களே, அதுதான் தடயம். குற்றவாளி உருகிப் போய்விட்டது. அது பனிக்கட்டி!

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கார்புரேட்டர் தொண்டையில் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் சட்டென்று இறங்கலாம். வெளியே 10 டிகிரி இருந்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்த ஈரம் தொண்டையில் பனியாகப் படிந்து வழியை அடைக்கும். வண்டி நின்றதும் இன்ஜின் சூடு மேலே ஏறி உருக்கிவிடும். நீங்கள் ஸ்பேனர் எடுத்து வருவதற்குள் சாட்சியம் இல்லை. சின்ன விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்களில் இதற்காகவே கார்புரேட்டருக்குச் சூடான காற்று கொடுக்க விமானியிடம் ஒரு லீவர் இருக்கும்.

உங்கள் வண்டியிலும் அந்த ஏற்பாடு இருந்திருக்கும். சைலன்சர் மேனிஃபோல்டின்மேல் ஒரு தகட்டு மூடி, அதிலிருந்து ஏர் ஃபில்டர் மூக்குக்கு ஒரு மடிப்புக் குழாய். அந்தக் குழாய் கிழிந்தால் யாரும் திரும்ப மாட்டுவதில்லை, என்னத்துக்கு என்று தெரியாததால். மாட்டுங்கள்.

கேள்வி: 16 வருடமான எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோல் பீய்ச்சுகிற) பெட்ரோல் கார். ஓடும்போது திடீரென்று ஆஃப் ஆகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், எரர் கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற கோளாறு எண்) எதுவும் இல்லை என்கிறார்கள். செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை. பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாற்றாதீர்கள்: ஆஃப் ஆன அந்த விநாடி, வண்டி இன்னும் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது, ஆர்பிஎம் முள் என்ன செய்தது?

கிளட்ச் மிதிக்காத வரை, இன்ஜின் இறந்தாலும் சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் மட்டும் நின்றிருந்தால் முள் வண்டி வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கும். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சரைப் பாருங்கள். அந்த சிக்னல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலும் அடிக்காது, ஸ்பார்க்கும் கொடுக்காது. இந்த சென்சர் பல நேரம் சூட்டில் மட்டும் சாகும், காயில் போலவே. பல வண்டிகளில் எரர் கோடு கூடப் பதியாது. டேஷ்போர்டில் மற்ற எல்லா முள்ளும் விளக்கும் சேர்ந்து செத்தால் சென்சர் இல்லை, மெயின் கரண்ட்: பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி சுவிட்ச், ரிலே.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் ஒருமுறை இதே மாதிரி வண்டிக்கு பம்ப் மாற்றினேன். நின்றது. ரிலே மாற்றினேன். நின்றது. வண்டிக்காரர் மரியாதைக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். மூன்றாம் நாள் இன்ஜினை ஓடவிட்டு, வயரிங்கை ஒவ்வோர் இடமாகக் கையால் அசைத்துக்கொண்டே வந்தேன். இன்ஜினிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் பட்டையைத் தொட்டதும் அணைந்தது. போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், அவ்வளவுதான். பம்புக்கான காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள கார்புரேட்டர் வண்டிக்காரர்களும் இந்த அசைக்கிற வைத்தியத்தைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பிக்கப் சென்சரின் வயர், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் தட்டோடு சேர்ந்து நகரும். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, மேல்தோல் முழுதாக இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்துவிடும். மிதித்தால் நிற்கும், விட்டால் பிடிக்கும்.

உங்கள் வண்டி ஓட்டத்தில் நிற்காமல் ஐட்லிங்கில் மட்டும் நின்றிருந்தால் முதலில் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குக் காற்று போகிற வால்வு) கரி பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். சுத்தம் செய்தபிறகும், பேட்டரி கழற்றி மாட்டியபிறகும், கம்ப்யூட்டர் ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் தடுமாறினால் பயப்படாதீர்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: ஸ்பார்க் கதை முழுவதையும் அடித்துவிடுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் நின்றால் முக்கால்வாசி டீசல் பைப்புக்குள் புகுந்த காற்றுதான் காரணம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி கண்ணாடி போன்ற டீசல் ஹோஸை மாட்டி ஓட்டிப் பாருங்கள், குமிழி போனால் டேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு ஜாயின்டாக வாருங்கள். பட்டென்று நின்றால் பம்பின்மேல் இருக்கிற ஸ்டாப் சோலனாய்டின் (சாவியை ஆஃப் செய்தால் டீசலை நிறுத்துகிற மின் வால்வு) வயரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, என் மனைவி ஓட்டும்போது மட்டும் கார் நிற்கிறது, நான் ஓட்டினால் நிற்பதில்லை. அவள் ஓட்டுவது சரியில்லை என்று நான் சொல்ல, வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். நிற்கும்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனமாகிவிடுகிறது என்று பயப்படுகிறாள்.

பதில்: பயம் நியாயம்தான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், ஆனால் சக்கரம் திரும்பும், பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு வேக்கம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எமர்ஜென்சி விளக்கைப் போட்டு ஓரம் வரட்டும். வண்டி முழுதாக நிற்கிற வரை சாவியை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இப்போது தீர்ப்பு. இரண்டு பேரும் ஒரே சாவியைத்தான் உபயோகிக்கிறீர்களா? அவருடைய சாவிக்கொத்தில் வீடு, பீரோ, ஆபீஸ் என்று எத்தனை தொங்குகிறது? சாவி சுவிட்ச் உள்ளே தேய்ந்திருந்தால், கொத்தின் எடையும் மேடுபள்ளக் குலுக்கலும் சேர்ந்து சாவியைக் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துவிடும். கரண்ட் போய்விடும். இது நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சாவி சுவிட்ச் எளிதில் நழுவியதால் 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே கரண்ட் போனதோடு ஏர்பேகும் வேலை செய்யாமல் போனது.

வண்டியை நிறுத்தி வைத்து, ஐட்லிங்கில் விட்டு, சாவியை மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இன்ஜின் ஒருமுறை இருமினாலும் போதும், சுவிட்சை மாற்றுங்கள். இருமாவிட்டால், ஒரு வாரம் அவருடைய கொத்தை நீங்கள் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், உங்கள் ஒற்றைச் சாவியை அவரிடம் கொடுங்கள். யாருக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மன்னிப்புக் கேட்பது உங்கள் பாடு.